பூச்சுக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

பூச்சுக் கூடத்தில் கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொடுவது கொலைக்குச் சமம். சூரியத் தகடுகளின் மேல் வைக்கிற கண்ணாடி அது. வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே விடுவதற்காக அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று ஏற்றுவார்கள். விரல் பட்ட இடத்தில் பூச்சு ஏறிவிட்டால், அந்த ரேகை அப்புறம் எதற்கும் அசைந்து கொடுக்காது. இந்தத் தப்பைச் செய்தவர்களை, அந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்குக் கையுறையைக் கழற்றினாள். கண்ணாடிகள் போகப்போகும் இடம், அவள் புருஷன் தகடு பொருத்தப் போயிருக்கும் அதே பொட்டல்வெளி. அவன் போய் இரண்டு வருஷமாகிறது. "அடுத்த மாசம் வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போதெல்லாம் அதைச் சொல்வதே இல்லை. அதுதான் அவளை அரித்தது. தன் நினைப்பு அவனுக்கு இருக்கிறதா இல்லையா? வாய்விட்டுக் கேட்கவும் மனசு வரவில்லை. ஒரு கண்ணாடியின் மூலையில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இயந்திரத்துக்குள் தள்ளினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற சோதனைக்காரருக்கு அன்று பார்த்துச் சளி, கண்ணெல்லாம் நீர். கண்ணாடி தப்பித்தது.

அப்புறம் ஒவ்வொரு போனுக்கும் ஏங்கினாள். சாப்பாடு, முதுகுவலி, தூக்கம். அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

ஒரு சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"இன்னைக்கு ஒரு கூத்து கேளு. சாய்ஞ்ச வெயில்ல பார்க்கறேன், தகட்டு மூலையில ஒரு கட்டைவிரல். துடைச்சுத் துடைச்சுக் கை ஓஞ்சதுதான் மிச்சம். உங்க கம்பெனி கண்ணாடிதான். எந்தக் கழுதை வெச்சுதோ. கழிச்சு லாரியில ஏத்தியாச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அந்தக் கழுதை நான்தான்."

"நீயா? கண்ணாடின்னா உசிரை விடுவியே. தெரியாம பட்டுடுச்சா?"

"தெரிஞ்சுதான் வெச்சேன். நீங்க அங்கதானே இருக்கீங்க. உங்களைத் தொட எனக்கு வேற வழி தெரியலை."

அந்தப் பக்கம் ஒரு லாரி உறுமிக் கிளம்புவது கேட்டது.

"இரு, வெச்சிடாதே," என்றான்.

அவன் மணலில் ஓடுவதும் மூச்சு இரைப்பதும் அவள் காதுக்குள் கேட்டது. வண்டி நின்றது. என்னப்பா விஷயம் என்று டிரைவர் அதட்டினார்.

"அது என் பொண்டாட்டி கை அண்ணே. இறக்கிக் குடுங்க."