ஆடாமல் தொங்கிய படகு

சித்திரை வெயிலில், சின்ன லோடு வண்டியின் முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு அந்தப் படகு வந்து இறங்கியபோது, சோனியா வாசலில் நின்று வாஷிங் மெஷினைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான்கு வருடம் இருந்த கொரியாக்கார என்ஜினியர் ஒருவர் ஊர் திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை ஃபேப்ரிகேஷன் ஷெட் ஆட்களுக்கே கொடுத்துவிட்டுப் போகிறார் என்று அவள் கணவன் பென்னி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு பொருள். பதினோரு வருட வெல்டர் என்பதால் பென்னிக்கு இரண்டாவதாக எடுக்கும் வாய்ப்பு. மெஷினை எங்கே வைப்பது, தண்ணீர் பைப்பை எந்தப் பக்கம் இழுப்பது என்றெல்லாம் இருவரும் பேசி முடித்திருந்தார்கள். அவன் போய்ப் படகைக் கேட்டிருக்கிறான்.

"மெஷினுக்கு அஞ்சு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. இத ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு மாதிரி ஆயிடுச்சி," என்றான்.

பச்சை நிற ஃபைபர் படகு. பதினான்கு அடி நீளம், இரண்டு பேர் உட்கார இடம், இரண்டு துடுப்பு. எதிர்வீட்டுச் சின்னராசு வந்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர் ரொப்பி வைத்தால் தெருவுக்கே ஒரு வாரம் வரும் என்றார். அன்று சோனியா துணி துவைக்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

வைக்க இடம் எது? இரண்டே அறை வீடு. முன்னால் ஒரு கார் ஷெட் இருந்தது. என்றைக்காவது கார் வாங்குவோம் என்று பென்னியே பைப் வெட்டி, ஒட்டி, தகரம் போட்ட ஷெட். கார் வரவில்லை, அவனுடைய பைக்கும் அவளுடைய ஸ்கூட்டியும் நின்றன. படகைத் தரையில் போட்டால் வண்டிகள் தெருவுக்குப் போக வேண்டும். ஆகவே பென்னி மேலே பார்த்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் தரையில் வைக்க முடியாத எல்லாவற்றுக்கும் மேலேதான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த, பாரம் தூக்கும் செயின் பிளாக்கைக் கூரைப் பைப்பில் மாட்டி, படகின் வயிற்றுக்கு இரண்டு பெல்ட் கொடுத்தான் பென்னி. சங்கிலியை இழுக்க இழுக்க அது ஒரு பக்கமும் சாயாமல் எழும்பியது. பிறகு பெல்ட்டை எடுத்துவிட்டு நைலான் கயிற்றில் கட்டினான். வண்டிகள் கீழே, படகு மேலே. சின்னராசு தன் வீட்டு வாசலில் இருந்தபடியே கையை உயர்த்திச் சல்யூட் அடித்தார்.

சாயங்காலம் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. படகு ஆட ஆரம்பித்தது.

முதல் இரண்டு வாரம் கயிறு பைப்பில் உரசும் கிறீச் சத்தம் சோனியாவுக்குப் பேஜாராக இருந்தது. பிறகு எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியாது. கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு வேலை. நாற்பது விநாடிக்கு ஒரு தட்டு வரும், மூன்று ஒயரைக் கிளிப்பில் சொருகினால் தட்டு போய்விடும், அடுத்தது வரும். தட்டுகள் எங்கெங்கோ போய்க்கொண்டே இருக்க, அவள் மட்டும் காலையிலிருந்து ஒரே மஞ்சள் கோட்டுக்குள் நிற்பாள். வீட்டுக்கு வந்தாலும் கால் அடங்காது. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். படுத்தால் பாதம் போர்வையை உதைக்கும். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, டீ போட்டு எடுத்துக்கொண்டு, படகுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரப் பழகினாள். காற்று இல்லாத நாட்களில் ஒட்டடைக் கம்பால் படகை மெல்லத் தள்ளிவிடுவாள். கீழேயிருந்து பார்க்கும்போது அவள்தான் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரியும், யாரோ மேலே அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற மாதிரியும் இருக்கும். எங்கே போகிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. போவது போதுமாக இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அவள் கால் சும்மா இருந்தது.

"எப்ப தண்ணில வுடுவ?" என்று ஒருநாள் பென்னியைக் கேட்டாள்.

"ஏரி நெறயட்டும்," என்றான். ஊர் ஏரியில் அப்போது பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆடி மாதம் பென்னியின் அம்மா கன்னியம்மா வந்தாள். மூத்த மகனோடு பெரியபாளையம் பக்கம் இருக்கிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள்; ஆடி பிறந்தால் பவானியம்மனுக்குக் கூழ் ஊற்றாமலும் இருக்க மாட்டாள். வந்து இரண்டாம் நாள், சோனியா ஒட்டடைக் கம்பும் கையுமாக இருந்ததைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"வெறும் தூளிய ஆட்டக்கூடாதுன்னு உங்கம்மா உனக்கு சொல்லிக் குடுக்கலியா?"

"இது படகு அத்தே."

"மேல இருந்து தொங்குது, உள்ள புள்ள இல்ல. நீயும் ஆட்டிக்கினு கீற. இன்னா பேரு வச்சா இன்னா?"

கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. கன்னியம்மாவும் இப்போது பேசவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு மகனிடம் தனியாக ஏதோ சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பென்னி வெல்டிங் மெஷினோடு வந்தான். படகுக்கு அடியில் குறுக்காக இரண்டு இரும்பு ஆங்கிள் கொடுத்து, நான்கு கம்பியால் கூரைப் பைப்போடு சேர்த்து, நட்டு போட்டு முறுக்கினான். நைலான் கயிற்றை அறுத்தெறிந்தான். ஃபைபர் தீப்பிடிக்கும் என்று ஈரச் சாக்குகளைப் படகின் மேல் போர்த்திவிட்டு, ஒவ்வொரு நட்டின் தலையிலும் ஒரு புள்ளி ஒட்டு வைத்தான். அது அவன் தொழில் பழக்கம். கிரேன் ஓடும் அதிர்வில் எந்த நட்டும் ஒருநாள் கழன்றுவிடும், ஒட்டியது கழலாது என்பான். வீட்டுச் சமையலறை ஸ்டாண்டின் நட்டுகூட அப்படித்தான் ஒட்டியிருந்தது. இறங்கி வந்து, கம்பியைப் பிடித்துத் தொங்கிக் காட்டினான்.

"இனிமே பூகம்பம் வந்தாலும் ஆடாது."

கன்னியம்மா திருப்தியாக ஊருக்குப் போனாள். அன்று மாலை சோனியா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். காற்று தகரத்தைத் தட்டியது, வேலியில் காய்ந்த துணி பறந்தது, படகு அப்படியே நின்றது. டீ ஆறிப்போனது. மறுநாளிலிருந்து அவள் வெளியே உட்காரவில்லை. கால் மறுபடியும் உதைக்க ஆரம்பித்தது.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தது. பென்னியும் சோனியாவும் போய்ப் பார்த்தார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிய இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் அக்கரைப் பனைகள் வரைக்கும் கிடந்தது. மதகுச் சுவரில் ஆழத்தை அடிக்கணக்கில் காட்ட எழுதிய எண்களில் பன்னிரண்டு வரைக்கும் முங்கியிருந்தது.

இந்த ஞாயிறு படகை இறக்கலாம் என்றாள். சரி என்றான். அந்த ஞாயிறு ஓவர்டைம் வந்தது. அடுத்த ஞாயிறு நண்பன் வீட்டு நிச்சயதார்த்தம். அதற்கடுத்த வாரம் மதகைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். கம்பெனி பஸ் ஏரிக்கரை வழியாகத்தான் போகும். சோனியா தினமும் ஜன்னலோரம் இடம் பிடித்து எண்ணைப் பார்த்தாள். பதினொன்று. பத்து. பக்கத்தில் உட்காரும் நர்மதா, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டுக் கிண்டல் செய்தாள். எட்டு தெரிந்த அன்று சோனியா வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் படகைப் பற்றிக் கேட்டாள்.

கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றான் பென்னி. கிரைண்டர் போட்டால் பொறி பறக்கும். ஃபைபர். ஒரு பொறி போதும்.

"ஒட்டறப்ப ஈர சாக்கு போட்டியே. இப்ப சாக்கு இன்னா ஆச்சு?"

அவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"பென்னி, உன்ன தான் கேக்கறேன்."

"எறக்குனா மறுபடி ஆடும். அம்மா சும்மாவா சொல்லும்?" என்றான், அவளைப் பார்க்காமல்.

அவள் பையை இறக்கி வைத்தாள்.

"அது போயி ரெண்டு வருசம் ஆவுது. படகு வந்து ஏழு மாசந்தான் ஆவுது. எத ஆட்டி அத தொலச்சேன்? சொல்லு."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் போய்விட்டு, அவளுக்குப் பிடித்த பக்கோடாவோடு திரும்பி வந்தான். பொட்டலம் பிரிக்கப்படாமலே காலைவரை இருந்தது.

தை பிறந்தது. பொங்கலுக்குக் கன்னியம்மா வரவில்லை. மதகில் எண் ஐந்தாகி, நான்காகி, ஒரு வியாழக்கிழமை காலையில் மூன்றுக்கு வந்திருந்தது. இன்னும் பத்து நாளில் சேறுதான் இருக்கும். அன்று ஏதோ பொருள் வந்து சேரவில்லையென்று கம்பெனியில் லைனை நிறுத்தி, மதியத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். சோனியா வீட்டுக்கு வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் இறங்கி, இரும்பு அறுக்கும் ரம்பத்துக்கு நான்கு பிளேடு வாங்கினாள். ரம்பம் வீட்டில் இருந்தது. கையால் அறுத்தால் பொறி பறக்காது.

வண்டிகளை வெளியே தள்ளினாள். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து மேலே ஏறினாள். அறுக்கும்போது தலையில் விழாமல் இருக்கத் துணி காயும் கயிற்றை அவிழ்த்து, படகின் இரண்டு முனையையும் கூரைப் பைப்போடு கட்டினாள். பிறகு முதல் கம்பியில் பிளேடை வைத்தாள்.

விரல் தடிமன் கம்பி. பத்து நிமிடத்தில் பாதிகூட அறுபடவில்லை. இரும்புத்தூள் கண்ணில் விழுந்தது. ஒரு பிளேடு முறிந்தது. சின்னராசு மதியத் தூக்கம் கலைந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டியபடி நின்றார்.

"இன்னா சோனியா, ஊட்டையே பிரிச்சி பேரீச்சம் பழத்துக்குப் போட்றியா?"

"படகு மட்டுந்தான் மாமா. ஊடு அப்புறம்."

அவர் டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டார். மூன்றரை மணிக்கு முதல் கம்பி அறுந்தது. இரண்டாவதுக்கு இன்னொரு பிளேடு போனது. கையில் கொப்புளம் கிளம்பி உடைந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். நிறுத்தாமல் அறுத்தாள். மூன்றாவது கம்பி அறுந்தபோது பின்பக்க ஆங்கிள் ஒரு சத்தத்தோடு சரிந்தது. படகு திரும்பிச் சாய்ந்து, ஒற்றைக் கம்பியிலும் துணிக் கயிற்றிலும் தொங்கியது. கயிறு இழுபட்டு மெலிந்தது. அடியில் அவள்.

அப்போதுதான் பென்னியின் பைக் வந்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேலே பார்த்தான். சாய்ந்த படகைப் பார்த்தான், அறுந்த கம்பிகளைப் பார்த்தான், தலைப்பு சுற்றிய அவள் கையில் பார்வை நின்றது. பிறகு பைக்கைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

"போவுட்டும்," என்று சோனியா சொன்னாள். சின்னராசு படகின் தாழ்ந்த முனையைத் தோளில் தாங்கிக்கொண்டார். அவள் கடைசி பிளேடை மாட்டினாள். ஆனால் நான்காவது கம்பியை அறுத்தால் படகு எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. டிரம்மின் மேல் அப்படியே நின்றாள். இத்தனை தூரம் வந்து நின்றதில் அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் இருக்க மதகின் எண்ணை மனதில் சொல்லிக்கொண்டாள். மூன்று, மூன்று, மூன்று.

அரை மணி நேரத்தில் பைக் திரும்பியது. பெட்ரோல் டேங்க் மேல் செயின் பிளாக், கழுத்தில் மாலை போல இரண்டு பெல்ட்.

"எறங்கு," என்றான். "பெல்ட் போடாம எவனாவது லோட அறுப்பானா? கம்பெனில இந்த மாதிரி பண்ணியிருந்தா கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பாங்க."

"நீ போயிட்டன்னு நெனச்சேன்."

"போனேன். இத எடுத்தார."

படகின் வயிற்றில் பெல்ட் சுற்றிச் சங்கிலியை இறுக்கியதும் கயிறு தளர்ந்தது. ரம்பத்தை அவன் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. மறுபடி ஏறிக் கடைசிக் கம்பியை அவளே அறுத்தாள். அவன் டிரம்மைப் பிடித்துக்கொண்டான். படகு அங்குலம் அங்குலமாகத் தரைக்கு வந்தது. உள்ளே ஆறு மாதத் தூசியும், ஒரு குருவிக் கூடும், காய்ந்துபோன ஒரு சாக்கும் இருந்தன.

மூன்று பேரும் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை ஏறியபோது வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கரையோரம் முழங்கால் வரைக்கும் சேறு. சின்னராசு பின்னாலிருந்து தள்ளிவிட்டார். படகு பத்தடி போய்த் தரைதட்டி நின்றது. பென்னி துடுப்பைச் சேற்றில் ஊன்றி உந்தினான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி உந்தினான். கடைசியில் அடியில் உரசும் சத்தம் நின்றுவிட்டது.

சோனியா முன்னால் உட்கார்ந்திருந்தாள். கீழே இரண்டடித் தண்ணீர்தான் இருக்கும். மதகுச் சுவர் பக்கவாட்டில் மெல்லப் பின்னால் போனது. கால் சும்மா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

அவள் இடது பக்கம் சாய்ந்தாள். பிறகு வலது பக்கம். படகு கூடவே சாய்ந்தது.

"ஆட்டாத சோனியா," என்று பின்னாலிருந்து பென்னி சொன்னான். அவன் கைகள் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்திருந்தன. துடுப்பு மடியில் கிடந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி இடது பக்கம் சாய்ந்தாள். தண்ணீர் ஓரத்தில் தளும்பி அவள் விரலைத் தொட்டது. வலது பக்கம். இடது பக்கம். கரையில் சின்னராசு கையை உயர்த்தி ஏதோ கத்திக்கொண்டிருந்தார், கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் படகு முன்னைவிடச் சுலபமாக ஆடத் தொடங்கியதை உணர்ந்து சோனியா திரும்பினாள். பென்னி ஓரத்தை விட்டிருந்தான். அவள் வலது பக்கம் சாயும்போது அவனும் அந்தப் பக்கமே சாய்ந்துகொண்டிருந்தான்.