காற்றுத் துளை

1

இந்தக் கதை எனக்கு ஒரு முகத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்காவில், அல்டூனா ஊரில், சின்னச் சின்ன ரயில் மாதிரிகள் செய்கிறவர்களின் சங்கத்தில் பல வருடமாகச் சந்தா கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவன் நான். போன வசந்தத்தில் ஒருவர், இன்னொருவர் செய்த கபூஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். சரக்கு ரயிலின் வாலில் கார்டு உட்கார்ந்து வருகிற பெட்டிதான் கபூஸ். அது அவர் உள்ளங்கையில் அடங்கியது. "அழகு" என்றார். முகம் வேறு சொன்னது. அந்த முகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மற்றதெல்லாம் கற்பனை.

முதல் தொடக்கம்: வெர்ன் ஸ்டோல்ட்ஸ் நல்ல மனிதர், ஆனால் —

(அடித்துவிட்டேன். 'ஆனால்' வந்த பிறகு நல்ல மனிதர் எங்கே போய் நிற்பது?)

இரண்டாவது: ஸ்டைரீன் என்பது வெள்ளையாக, விசிட்டிங் கார்டு கனத்தில் —

(பாடம் நடத்துகிறேன். இதுவும் போகட்டும்.)

2

சங்கத்தின் கபூஸ் போட்டியில் வெர்னை அதுவரை யாரும் ஜெயித்ததில்லை. கடையில் கிட் வாங்கி ஒட்டுகிறவர்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. வெறும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பலகைக்குப் பலகை இடுக்கைக் கத்தி முனையால் கீறிச் சுவர் எழுப்ப வேண்டும். அவருக்கு அதுதான் வேலை.

அப்போதுதான் லோர்னா சங்கத்தில் சேர்ந்தாள். ஆயுள் முழுக்கப் பொய்ப்பல் செய்து ஓய்வு பெற்றவள். அவள் வைத்த கைப்பிடிக் கம்பிகளில் குறை கண்டுபிடிக்க வெர்ன் பூதக்கண்ணாடி கொண்டுபோனார். குறை கிடைக்கவில்லை. தன் வாயில் இருக்கும் பல்வரிசையும் அவள் செய்ததுதான் என்று தெரிந்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. (சோறு என்பது என் வாய்ப்பழக்கம். அன்று தட்டில் இருந்தது உருளைக்கிழங்கும் பன்றியிறைச்சியும்.)

"திரும்ப அவ பேச்சா?" என்றாள் மனைவி டாட்டி. "உட்கார்ந்ததுலேருந்து லோர்னா, லோர்னா. கட்டிக்கிட்டவ பேரு ஞாபகம் இருக்கா?"

"புகைபோக்கிய அவ வெச்சிருக்கிற இடத்தப் பத்திச் சொன்னேன்."

"தப்பா வெச்சிருக்காளா?"

"சரியாத்தான் வெச்சிருக்கா. அதான் எரியுது."

3

இங்கே ஒரு அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்க மாட்டீர்கள் என்பதால் நடுவிலேயே போடுகிறேன். ஸ்டைரீனை ஒட்டுவது பசை அல்ல, ஒரு திரவம். அது தகட்டின் ஓரத்தைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அடைத்த பெட்டிக்குள் அதன் ஆவி தங்கினால் சில வாரத்தில் சுவர் உள்வாங்கிவிடும். ஆகவே தரையில் ஒரு சின்னத் துளை போட்டுவிட வேண்டும். வெர்னின் முதல் கபூஸ் அப்படித்தான் ஒடுங்கிப்போனது. அதன் பிறகு நட்டநடுத் தரையில் துளை போடாமல் அவர் எதையும் மூடியதில்லை.

லோர்னா போட்டிக்குச் செய்த, இன்னும் கூரை போடாத கபூஸை அவர் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குக் கூரைய ஒட்டிடப் போறேன் வெர்ன். அப்புறம் பிரிக்க முடியாது. இந்தத் திரவமெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. ஏதாச்சும் கண்ணுல பட்டாச் சொல்லுங்க."

படுக்கைகள், கரியடுப்பு, மூலையில் கதவு ஒருக்களித்த கழிப்பறை. எல்லாம் இருந்தன. நடுத்தரையில் துளை இல்லை. வெர்னுக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அசிங்கமான சந்தோஷம்தான், அவருக்கும் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல லோர்னா. தைரியமா ஒட்டு."

"நீங்க சொன்னாப் போதும்."

(இந்த இடத்தில் அவரை உண்மை பேசவைத்து எழுதிப் பார்த்தேன். வரவே மாட்டேன் என்கிறார்.)

வீட்டுக்கு வந்து டாட்டியிடம் மட்டும் சொன்னார். "அவ துளை போடல."

"அவகிட்ட சொன்னியா?"

அவர் உருளைக்கிழங்கை இன்னும் சின்னதாக வெட்ட ஆரம்பித்தார். டாட்டி தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

4

ஒரு முடிவு: சுவர் உள்வாங்குகிறது, லோர்னா அழுகிறாள், கோப்பையை வெர்ன் —

(இல்லை. லோர்னா அழுகிற ரகமில்லை.)

இன்னொரு முடிவு: மனசு கேட்காமல் வெர்ன் போன் செய்கிறார்.

(செய்யத்தான் வைத்தேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டார்.)

5

இரண்டு மாதம் கழித்து, போட்டி சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் நடந்தது. பியரோகிக் கொழுக்கட்டை வதங்கும் வாசனை மாடிப்படி வரை வந்தது. வெர்ன் கோட்டைக்கூடக் கழற்றாமல் லோர்னாவின் கபூஸிடம் போனார். சுவர்கள் ஸ்கேல் வைத்தது மாதிரி நேராக நின்றன.

நடுவர் அதைப் புரட்டிப் பார்த்தார். அடியில், ஒரு மூலையில், துளை. "இது என்ன?"

"கக்கூஸ்," என்றாள் லோர்னா. "நிஜப் பெட்டில தண்டவாளத்து மேலயேதான விழும்? அதான் ஓட்டை போட்டேன். யாரும் குனிஞ்சு பாக்கப் போறதில்ல. அதுக்காகப் போடாம விடுறதா?"

கூடம் சிரித்தது. ஆவி முழுக்க அந்த வழியாகப் போயிருக்கிறது. வெர்ன் இத்தனை வருடம் கட்டிய கழிப்பறை ஒன்றில்கூட ஓட்டை கிடையாது. அதுதான் அவரைக் குத்தியது. அவர் சொன்ன பொய்யும் மெய்யாகிப் போயிற்று. செய்த துரோகம்கூட அவள் பக்கம் சேர்ந்துகொண்டது.

கோப்பை லோர்னாவுக்கு. அவள் மைக்கைப் பிடித்தாள்.

"ஒட்டுறதுக்கு முன்னாடி வெர்ன்கிட்டதான் காமிச்சேன். தப்பு இருந்தா அவரு சொல்லாம இருப்பாரா? அவரு வார்த்தைய நம்பித்தாங்க மூடுனேன். வெர்ன், எந்திரிங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். டாட்டி மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

வெர்ன் எழுந்துவிட்டார். வாயையும் திறந்துவிட்டார். வாயில் இருக்கும் பல் லோர்னா செய்தது. சொல்லை நான் செய்யப் போவதில்லை, என்னால் முடியவில்லை. உங்களிடம் இருந்தால் கொடுங்கள். சீக்கிரம், மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.