இடது பக்கத்து வெளிச்சம்

அந்த ஸ்கேன் மையத்தில் ஸ்வெர்ரேயின் தலை பொதுச்சொத்து. ஆராய்ச்சிக்காக மூளையைப் படம்பிடிக்க நேரம் கேட்டு எந்தத் துறை வந்தாலும், தன்னார்வலர்களைப் படுக்கவைக்கும் முன் ஒத்திகைக்கு ஒரு தலை வேண்டும். மெஷினைப் பராமரிக்கிற இஞ்சினியர் அவன்தான். பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். மூக்கு அரித்தாலும் அசையமாட்டான். அவன் படத்தில் எல்லாரும் பார்ப்பது ஒன்றுதான்: தெளிவாக வந்திருக்கிறதா, இல்லையா. தன்னார்வலர் படம் என்றால் மேல்மாடி டாக்டர் ஐவின்ட் ஒருமுறை பார்த்தாக வேண்டும், அது விதி. ஒத்திகைப் படத்துக்கு அந்த விதி கிடையாது. அதை ஒரு மனுஷனின் படமாக யாரும் நினைத்ததே இல்லை.

இரண்டு வருஷம் முன்பு அந்தப் படத்தில் இடது காதுக்கு மேலே ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. முதலில் கண்டவனே ஸ்வெர்ரேதான். தலையைச் சுற்றி மாட்டுகிற காயிலில் கோளாறு என்று முடிவு கட்டினான். ஸ்கேனரை இயக்குகிற தூருனும் ஆமாம் போட்டாள். தண்ணீர் நிரப்பிய சோதனை உருண்டையை வைத்தால் திட்டு இல்லை. சரி, தலைச் சூடு பட்டால்தான் காயில் மக்கர் பண்ணுகிறது என்றார்கள். தன்னார்வலர்களின் படத்திலும் இல்லை. கோளாறு வந்து வந்து போகிறது என்றார்கள். படித்தவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்! காயில் கம்பெனிக்குப் போனது, வந்தது, மறுபடியும் போனது. வெள்ளிக்கிழமைதோறும் வாஃபிள்மேல் பழுப்புச் சீஸை வைத்து மென்றபடி, அந்தக் கம்பெனியைத் திட்டுவது வழக்கமாகிப்போனது.

இன்று புத்தம்புதுக் காயில் வந்திருந்தது. முதலில் தூருன் படுத்தாள், ஸ்வெர்ரே படம் எடுத்தான். மாசுமருவில்லாத படம். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"ஒழிஞ்சுது சனியன். இப்ப என் தலைய எடு, பழசோட வச்சுப் பார்ப்போம்" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

திட்டு அங்கேயே இருந்தது. பெருத்திருந்தது. மூளையின் நடுக்கோட்டையே வலப்பக்கம் தள்ளியிருந்தது.

தூருன் திரையை உற்றுப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் தலைகளைப் பார்த்த கண் அது! இந்த ஒரு தலையை மட்டும் அது பார்க்கவே இல்லை. கொஞ்சம் நேரம் பிடிக்கிற படம் ஒன்றை ஓடவிட்டு, அந்த இரைச்சலில் டாக்டருக்குப் போன் போட்டாள். ஐவின்ட் மேலே தன் கணினியில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் படத்தின்போதே தெரிந்திருந்தால் கட்டியை முழுசாக வெட்டி எடுத்திருக்கலாம் என்றார். இப்போது மறுபக்கமும் பரவிவிட்டது, இனி யாரும் கத்தி வைக்க முடியாது. ஏன் யாருமே என்னிடம் காட்டவில்லை என்று கேட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை.

"மெஷின் கோளாறுன்னு நெனச்சுட்டோம்" என்றாள் தூருன்.

தான் கீழே வருவதாகவும், அதுவரை அவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் டாக்டர் சொன்னார். அதுதான் இங்கே வழக்கம். படம் எடுப்பவர் வாய் திறக்கக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது.

இரைச்சல் நின்றது. ஸ்பீக்கரில் ஸ்வெர்ரேயின் குரல் வந்தது.

"போயிடுச்சா?"

"இன்னும் ஒண்ணு எடுக்கணும். அப்படியே அசையாம இரு."

"தாயே, அந்தக் குரல் எனக்குத் தெரியும். தன்னார்வலருங்ககிட்ட பேசுற குரல் அது."

உள்ளே அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஒரு பழுதைத் துருவும்போது இப்படித்தான் அடங்கிப்போவான்.

"உன் தலையில வரல. என் தலையில வருது" என்றான் மெதுவாக. "அப்ப காயில் நல்லாத்தான் இருந்திருக்கு. பழசும்."

தூருன் அழுதுகொண்டிருந்தாள். பேசுகிற பொத்தானை அமுக்காததால் அது அவனுக்குக் கேட்கவில்லை.

"முதல் படத்துலயே ஐவின்ட் பாத்திருந்தா?"

டாக்டர் படியிறங்கி வந்துகொண்டிருப்பார். அவர் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் இவன் கேட்டு, மெஷின் காட்டிய ஒரு அளவைக்கூட அவள் மறைத்ததில்லை. பொத்தானை அமுக்கினாள்.

"பொழச்சிருப்ப, ஸ்வெர்ரே."