புரியாத முகம்

...இல்லை, சும்மா சொல்கிறாள், களைப்பில் யாரும் சொல்வதுதான், இவர்களில் யாராவது அடிக்கடி இப்படி இனிமேல் வரமாட்டேன் என்பார்கள், மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்கள்... ஆனால் இன்று அவள் குரலில் அலுப்பு இல்லை, முடிவு பண்ணிவிட்டவர்களின் நிதானம் இருந்தது. "நாளையிலேர்ந்து நான் வரலடி, மண்டையில ஏறல, எதுக்கு இந்த நாற்காலிய தேய்ச்சுக்கிட்டு" என்று பின்வரிசையில் தன் தோழியிடம் தமிழில் சொன்னாள், டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே அதைக் கேட்டாள், கை நிற்கவில்லை, தலை திரும்பவில்லை, புரியாததுபோல் இருப்பது அவ்வளவு பழகிவிட்டது. தோழி ஏதோ சமாதானம் சொன்னாள். "டீச்சர் மேல தப்பில்லடி, அந்தம்மா பாவம், என்னைப் பாத்தாலே அவங்களுக்குச் சோர்வா வருது." சோர்வா, எனக்கா, எப்போது அப்படி முகம் காட்டினேன்... பேனா மை தீர்ந்துபோய் எழுத்து வெளிறிக்கொண்டே வந்தது, இன்னொன்றை எடுக்கும் சாக்கில் திரும்பினாள், பின்வரிசைக்காரி அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

நூலகத்தின் மாடியில் மாலை நேர வகுப்பு, பிழைக்க வந்தவர்களுக்கு இந்த ஊர் மொழி. ஒரு தச்சர், பேக்கரியில் மாவு பிசைகிறவர், யாரிடமும் பேசாத அண்ணன் தம்பி, அப்புறம் ஹோட்டல் சலவை அறையிலிருந்து நேராக வந்துவிடும் இந்த இரண்டு பேர், கையெல்லாம் சோப்பு வாசனை. பயிற்சி நிலையத்தில் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான், மாணவர்களின் மொழி உங்களுக்குத் தெரிந்தால் அதைக் காட்டிக்கொள்ளாதீர்கள், தெரியும் என்று தெரிந்தால் சாய்ந்துகொள்வார்கள், ஆழத்தில் விட்டால்தான் கை கால் அடிப்பார்கள். நல்ல விதிதான், எத்தனையோ பேர் அப்படிக் கற்றிருக்கிறார்கள். முதல் நாள் பின்வரிசைக்காரி தயங்கித் தயங்கி மேசைக்கு வந்து "நீங்க தமிழா?" என்று கேட்டபோது, மன்னிக்கவும், புரியவில்லை என்று இந்த ஊர் மொழியில் சொல்லிவிட்டாள் டீச்சர், அவ்வளவு எளிதாக வந்தது அது. கணவர் வேறு மொழிக்காரர், கேட்டால் சொல்லிக்கொள்ளும் பெயரும் அவருடைய பெயர், யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு தலையாட்டல் போதுமாக இருந்திருக்கும் அன்றைக்கு. ஒரே ஒரு தலையாட்டல்...

அதன்பிறகு அவர்கள் அவள் முன்னாலேயே எல்லாம் பேசினார்கள், சுவருக்கு முன்னால் பேசுவதுபோல. கசங்காத சட்டையைப் பார்த்து அவளுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். "இஸ்திரி வந்தாச்சு, மடங்காம உக்காரு", "இன்னிக்கு இஸ்திரி கொஞ்சம் சூடா இருக்குடி". சிரிப்பை அடக்க டீச்சர் ஜன்னலைத் திறக்கப் போவாள். எதற்கு எப்போதும் பின்பக்க ஜன்னல்? காற்றுக்கா? அம்மா போனபிறகு அவளிடம் தமிழில் பேச யாரும் இல்லை, வீட்டில் இல்லை, தெருவில் இல்லை, கனவில்கூட இப்போதெல்லாம் யாரும் பேசுவதில்லை, இந்தப் பின்வரிசை முணுமுணுப்பு மட்டும்தான். விதிக்காகவா வாயை மூடிக்கொண்டாள், இல்லை, சொல்லிவிட்டால் அவர்கள் உஷாராகிப் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்றா? பிறகு ஒருநாள் பின்வரிசைக்காரி தோழியிடம் சொன்னாள், வேலை போனதிலிருந்து வீட்டுக்காரர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், நான் வெளியே துண்டோடு நிற்கிறேன், கூப்பிடவும் தெரியல, போகவும் தெரியல என்று. அன்றோடு எல்லாம் முடிந்தது. அதைக் கேட்டபின் எந்த முகத்தோடு, எனக்குத் தமிழ் தெரியும் என்று சொல்வது?

நேற்று என்ன செய்தீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், இன்றைய பயிற்சி அது. தச்சர் தன் ஆணிகளைப் பற்றிச் சொன்னார். பின்வரிசைக்காரி எழுந்தாள், நான் நேற்று மகன் பள்ளிக்குப் போ, என்று தொடங்கினாள், போனேன் என்று திருத்தினாள் டீச்சர், போனேன், அங்கே ஆசிரியர் எனக்குப் பேசி, என்னிடம் பேசினார், என்னிடம் பேசினார்... அவ்வளவுதான், வாய் சாத்திக்கொண்டது, உட்கார்ந்துவிட்டாள். மீதியைத் தோழியிடம் தமிழில் சொன்னாள், டீச்சர் தச்சரின் பக்கம் குனிந்தபடி கேட்டாள். மகன்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தானாம், வரும் வழியில், "இனிமே நீ வராதம்மா, அப்பாவ அனுப்பு" என்றானாம். "அவன் முன்னாடி ஊமை மாதிரி நின்னேன்டி." பயந்தவர்களுக்குக் காது திறந்திருந்தாலும் வாய் திறக்காது, பேசும்போது குறுக்கே திருத்தாதே, முதலில் அவர் சொல்ல வருவதைக் கேள், இதுவும் அதே பயிற்சி நிலையத்தில் சொன்னதுதானே, அது மட்டும் ஏன் மறந்துபோனது? இரண்டே சொல்லைத் திருத்தி ஒரு முழுக் கதையை அடைத்துவிட்டேன். உனக்குப் புரிகிறது, வாய்தான் பின்தங்கியிருக்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான் என்று தமிழில் சொன்னால் நாளைக்கு வருவாள். இல்லை, வரமாட்டாள், குழாய்ச் சத்தம் ஞாபகம் வரும், எத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்ப்பாள், முகம் மாறும், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும்...

வகுப்பு முடிந்து நாற்காலிகள் தரையில் உரசின. தோழி கீழே இறங்கிவிட்டாள், அவள் மட்டும் மேசைக்கு வந்தாள். நாளை இல்லை, நன்றி, என்றாள் இந்த ஊர் மொழியில். அவள் போகாமல் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, "நல்லா... இருங்க" என்றாள், தன் நெஞ்சைத் தொட்டாள், எங்க மொழி என்பதுபோல, திரும்பச் சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினாள். டீச்சரின் நாக்கில் அது முழுசாக, சுத்தமாக வந்து நின்றது, அம்மாவின் குரலோடு வந்து நின்றது, அதை வளைத்து, நசுக்கி, "நல்லா... இறுங்கு" என்றாள்.

"அடேயப்பா, ஒரே தடவையில புடிச்சிட்டீங்களே" என்று அவள் தமிழிலேயே சொல்லிச் சிரித்தாள். திருத்தவில்லை. முகம் முழுக்கச் சந்தோஷம், இத்தனை மாதத்தில் இந்த அறையில் இவளுக்கு நான் ஒருநாளாவது இப்படி ஒரு முகம் காட்டியிருக்கிறேனா? கீழேயிருந்து தோழி, "ஏய், பஸ் வந்துரும்டி" என்று கத்தினாள், "நீ போ, அடுத்ததுல வரேன்" என்று இவள் படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது வேறு வார்த்தை, பசிக்குது, அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டுமே, இந்த ஊர் மொழியில் தொடங்கினாள், மாலை வேலை முடி, வீடு தூரம், பஸ்ஸில் பெரிய மனிதர்கள், என் வயிறு சத்தம், எல்லாரும் என்னைப் பார், நான் ஜன்னல் பார்... கையும் கண்ணும் சேர்ந்து பேசின, ஒன்றுகூடச் சரியில்லை, எதுவும் நிற்கவில்லை, இவளா ஊமை? திருத்தம் தொண்டை வரை வந்தது, டீச்சர் விழுங்கினாள். ஒரு தப்பு உச்சரிப்புக்கு இவ்வளவு பேச்சா, அப்படியானால் நாளைக்கு இவள் வர நாளைக்கும் ஒன்று வேண்டும், மறுநாளும் ஒன்று, ஒவ்வொரு வார்த்தையாக என் மொழி இவள் முன்னால் எனக்குத் தெரியாமல் போக வேண்டும்... அவள் விரலை உயர்த்திக் காத்திருந்தாள், சொல்லுங்க என்று கண்ணால் கேட்டாள், டீச்சர் வாயைத் திறந்தாள், எவ்வளவு தப்பாகச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.