நாமளா, நாங்களா?

1

இந்தக் கதை எனக்குத் தானாக உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. மனநோயிலிருந்து தேறி வருகிறவர்களுக்கு வேலை பழக்கும் மையம் ஒன்றின் ஆண்டு மலருக்காக, அங்குள்ள தொழில் ஆலோசகர் போன் செய்தார்.

"மனச்சிதைவு உள்ள ஒருத்தர் தன் வேலையைத் தானே முடிவு பண்றாரு. அதான் சார் கதை. உருக்கமா இருக்கட்டும். கடைசியில மெழுகுவர்த்தி செய்யப் போயிடணும்."

"தானே முடிவு பண்ணியா?"

"ஆமா சார். தானே முடிவு பண்ணி, மெழுகுவர்த்தி."

ஒப்புக்கொண்டேன். முடிவைக் கையில் கொடுத்துவிட்டுக் கதை கேட்கிறவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

2

முதல் தொடக்கம்: "அவன் ஜன்னல் வழியே வானத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். அவன் கண்களில் ஒரு..."

நிறுத்திவிட்டேன். மனநோய் என்றதும் ஆளை ஜன்னலோரம் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் தொழிலில் ஒரு வியாதி. தவிர, நாற்பதைத் தாண்டிய மனிதரை "அவன்" என்று எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? [டாக்டரை எழுதும்போது மட்டும் "அவர்" தானாக வந்து விழுந்தது.]

இரண்டாம் தொடக்கம்: அவர் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். நோய் வந்தது, வேலை போனது. இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார். தெருவில் இன்றும் லேத்துக்காரர் என்றுதான் பெயர். மையத்தின் கூட்ட அறையில் நீள மேஜை. சுற்றிலும் ஆலோசகர், டாக்டர், அக்கா. லேத்துக்காரரின் நாற்காலி மட்டும் மேஜையை விட்டுக் கொஞ்சம் தள்ளி.*

* நான் தள்ளிப் போடவில்லை, தானாக அப்படி அமைந்தது. சரி, நான்தான் தள்ளிப் போட்டேன். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

3

"அவருக்கு மெழுகுவர்த்திப் பிரிவு தோதா இருக்கும்," என்றார் ஆலோசகர், அக்காவைப் பார்த்து. "அமைதியான ரூம். பொட்டுச் சத்தம் வராது."

"நல்லா தூங்குறாரா?" என்றார் டாக்டர், அவரும் அக்காவைப் பார்த்து.

"தூங்குறான் டாக்டர். சாப்பாடும் பரவாயில்ல."

தான் நன்றாகத் தூங்குகிற செய்தியை லேத்துக்காரர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவர் அவர். "இவர்" என்றுகூட யாருக்கும் வாய் வரவில்லை.

இந்த இடத்தில் அவர் மேஜையை ஓங்கித் தட்டி, "என் லேத்தை எனக்குக் குடுங்க!" என்று முழங்கியதாக எழுதினேன். கண்ணீர்கூட வந்தது. எனக்குத்தான்.

"லேத்தா? மாத்திரையில கை நடுங்குது சார். விரல் போகவா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

[வெட்டினேன்.]

4

அவர் மனதில் இருந்தது வேறு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சலவை நிலையம். ஓட்டல், ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள்.

"எனக்குச் சத்தம்தான் நல்லது," என்றார் கூட்டத்தில். "அமைதியா இருந்தாத்தான் காதுக்குள்ள ஒரு குரல் பேச ஆரம்பிக்கும். மெஷின் ஓடுனா அது வாய மூடிக்கும்."

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லா பேசுறாரு!" என்று ஆலோசகர் அக்காவிடம் பூரித்தார். "பங்கேற்பு பிரமாதம்."

என்ன பேசினார் என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கா கையைப் பிசைந்தாள். "வெளிய வேலைக்குப் போனா இங்க இடம் போயிடும்ங்கிறாங்களே. அங்க ஒத்துக்காம மறுபடி படுத்துட்டான்னா, நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

இவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. போன தடவை அவருக்கு நோய் முற்றியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாகக் கிடந்தவள் இவள்தான்.

5

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "ஆக, நாம எல்லாரும் சேந்து ஒரு முடிவுக்கு வந்துட்டோம். மெழுகுவர்த்தி."

லேத்துக்காரர் நிமிர்ந்தார்.

"நாமளா, நாங்களா?"

"என்னது?"

"நாங்கன்னா நீங்க மட்டும். நாமன்னா என்னையும் சேத்து. நான் இன்னும் சேரலையே."

(சில மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம். அங்கே இந்தக் கூட்டம் தகராறில்லாமல் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.)

டாக்டர் பேனாவை மூடினார். அக்கா முதல் தடவையாகத் தம்பி பக்கம் திரும்பினாள்.

6

முடிவுகள், இப்போதைக்குக் கைவசம் இருப்பவை:

அ) மெழுகுவர்த்தி. சிரிக்கிறார். மலரில் வண்ணப்படம்.

ஆ) சலவை நிலையம். மளமளவென்று முன்னேறி அங்கேயே மேனேஜர் ஆகிறார். அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீர். பெரிய மனது பண்ணி நான் கொடுத்த முடிவு இது. அவரிடமே காட்டினேன்.

"மேனேஜரா? யாரு கேட்டா?" என்றார். "கொஞ்ச நாள் போய்ப் பாக்கணும் சார். மாத்திரை அசத்தும், காலையில லேட்டாகும், திட்டு வாங்குவேன். வாங்கிக்கிறேன். ஒத்துவரலைன்னா திரும்பி வருவேன். அப்ப இங்க என் இடம் இருக்கணும். தோத்துட்டு வர எனக்கு ஒரு வழி விடுங்க. ஜெயிக்கிறதெல்லாம் அப்புறம்."

இ) 

அதைக் காலியாக விட்டுவிட்டு ஆலோசகருக்குப் போன் செய்து, மெழுகுவர்த்தி வருவது சந்தேகம் என்றேன்.

"யாரைக் கேட்டு சார் மாத்துனீங்க?" என்று எகிறினார்.

நியாயமான கேள்வி. நான் கேட்டதெல்லாம் நானே உண்டாக்கிய ஆளிடம்தான். அந்த மையத்தில் நிஜமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமும் நான் பேசியதில்லை. போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது.

7

அறையில் எல்லோரும் விட்ட இடத்திலேயே இருக்கிறார்கள். அக்கா கேட்கிறாள், "நீ என்னடா சொல்ற?"

லேத்துக்காரர் நாற்காலியை இழுத்து மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறார். இதை நான் எழுதவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பேச வாயெடுக்கிறார்.

மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் நழுவ வேண்டிய இடம் இது. தயவுசெய்து எழுதாதீர்கள். நீங்களும் அவரைக் கேட்கவில்லை.

இவ்வளவு நேரமும் அவரைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது நான், கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள். அவர் காதில் அதுவும் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

நாம் வாயை மூடிக்கொள்வோம்.