த்ரோம்போவைக் கேட்டு வந்தவர்

என் கணவர் வில்மருக்கு மொண்டேவிடேயோ துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அங்கே வாடகைக்கு அமைந்தது நாலாவது மாடி. நாய் கூடாது என்று வீட்டுக்காரி முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால்தான் த்ரோம்போவுக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

ரெண்டு வயது நாய். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுற்றும். எங்கள் ஊர்ப் பேச்சில் த்ரோம்போ என்றால் பம்பரம்; அந்தப் பெயர் அதனால் வந்ததுதான். சிலிண்டர் போடுபவன், போலீஸ்காரன், யார் வந்தாலும் மார்பில் ரெண்டு காலையும் போட்டு முகத்தை நக்கிவிடும். இப்படி எல்லோரையும் நம்புகிற நாய்க்காக நான் ஒருத்தி எல்லோரையும் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

பேக்கரிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். நாலாம் நாள் ஒதிலோன் லரோசா என்பவர் வந்தார். அறுபது வயதிருக்கும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமான தழும்பு. வண்டியின் பின்னால் இரும்புக் கூண்டு.

"எவ்வளவு நேரம் ஓடும்?" என்றார் முதல் கேள்வியாக.

"நாள் பூரா."

"பெரிய நாயைப் பார்த்தா பயப்படுமா? உறுமினா பின்வாங்குமா?"

எங்கள் தக்குவாரெம்போ பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் பிடிப்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். குடல் கிழிந்து செத்த நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"உங்க வீட்டை ஒரு தடவை பாக்கணும்," என்றேன்.

"இப்ப வேண்டாம்மா. இன்னொரு நாள் பாக்கலாம்."

"அப்ப நாயும் இன்னொரு நாள்தான்."

அவர் முகம் சுருங்கியது. "இவ்வளவு நல்ல நாயை யாராவது சும்மா தூக்கிக் குடுப்பாங்களா? என்ன வியாதி? கடிக்குமா?"

சாயங்காலம் பக்கத்து வீட்டு செலா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அடியே நெல்பா, அந்த ஆளு என்கிட்டயும் விசாரிச்சான். நாய் உன்னோடதுதானா, திருட்டு நாயான்னு!"

என் சந்தேகம் இன்னும் வலுத்தது. பேக்கரியில் விலாசம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

"நீ நாயைக் குடுக்கிறியா, பொண்ணைக் கட்டிக் குடுக்கிறியா?" என்று வில்மர் கேலி செய்தாலும் வண்டியை எடுத்தார். த்ரோம்போ எங்களுக்கு முன்பே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர். வாசல் கதவுக்கு மேலே காட்டுப்பன்றித் தந்தங்கள் வரிசையாக அறையப்பட்டிருந்தன.

"வில்மர், வண்டியைத் திருப்பு."

அவர் திருப்புவதற்குள் த்ரோம்போ ஜன்னல் வழியாகக் குதித்துக் கொட்டகைக்குள் ஓடிவிட்டது. பின்னாலேயே ஓடினேன். உள்ளே ஒதிலோன் தரையில் உட்கார்ந்திருந்தார், கையில் எலும்பு. எதிரே கிழட்டு நாய் ஒன்று படுத்திருந்தது. பின்னங்கால் ஒன்றில்லை. வயிறு நெடுகத் தையல் போட்ட தழும்பு.

த்ரோம்போ அவர் கையிலிருந்த எலும்பைப் பறித்துக்கொண்டு ஓடியது. கிழட்டு நாய் உறுமியது. தள்ளாடி எழுந்து, மூன்று காலில் அதன் பின்னாலேயே வாசல் வரை போனது.

"எந்திரிச்சிட்டான்," என்றார் ஒதிலோன். "இதுகூட இருந்த இன்னொண்ணு செத்து ஒன்பது நாளாச்சு. அன்னையிலிருந்து எழுந்திரிக்கவே இல்ல. சாப்பிடவும் இல்ல. ஓயாம ஓடுற, இவன் உறுமினாலும் ஒதுங்காத நாயாத் தேடினேன்."

"இந்த வயிறு எப்படி ஆச்சு?"

"பன்னி. என்னாலதான். நாலு வருஷம் முன்னாடி. அதுக்கப்புறம் நான் போகல. இதைப் பாத்தா நீங்க குடுக்க மாட்டீங்கன்னுதான் வீட்டைக் காட்டல."

"போகலைங்கிறதை நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. எப்ப வேணா சொல்லாம வந்து பாருங்க."

கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் தப்புச் செய்துவிட்டோமோ என்று அரற்றிக்கொண்டே வந்தேன். வில்மர் மூக்கை உறிஞ்சினார்.

குடிபோன பிறகு, ஜூலையில் மொண்டேவிடேயோவிலிருந்து பஸ் ஏறிச் சொல்லாமல் போய் நின்றேன். த்ரோம்போவின் இடது காது கிழிந்திருந்தது.

"பன்னிதானே?" என்று கத்தினேன்.

"கிழவனோட தட்டுல வாயை வெச்சான், அவன் கடிச்சிட்டான்," என்றார் ஒதிலோன்.

நான் விடவில்லை. காதைத் தைத்த கால்நடை டாக்டரிடமே நேராகப் போய்க் கேட்டேன். நாய்ப்பல்தான் என்று அவர் சிரித்தபடி சொன்னார். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன். ஒதிலோன் மாத்தே தேநீர் ஊற்றி நீட்டினார்.

புறப்படும்போது த்ரோம்போ என் முகம் முழுக்க நக்கியது. பிறகு கொட்டகைக்குப் போய்க் கிழட்டு நாயின் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. கேட் வரைக்குமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பஸ்ஸில் பாதி வழி வரை அதன்மேல் கோபமாகத்தான் இருந்தது.