சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டில்

வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்வதில் பாதியைத்தான் மீரா உசேன் நம்புவார். மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி போகும் சாலையில் அவர் மெக்கானிக் ஷெட் போட்டு இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்து வண்டிகள் ஓடிக் கெடுவதைவிட ஊற்றிக் கெடுவதுதான் அதிகம் என்பது அவர் கட்சி. காலித் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிய எந்த வீட்டுக்கும் மனசு வராது. மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், வேப்பெண்ணெய் எல்லாம் அதில்தான் இருக்கும். எதிலும் பெயர் எழுதி ஒட்டுகிற பழக்கம் கிடையாது. அவசரத்துக்குக் கைக்கு வந்ததை ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நிற்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை எழில்மொழி வந்து நின்றாள். வண்டி அவளுடைய அப்பா இராஜாங்கத்தின் பழைய கார். இராஜாங்கமும் மீரா உசேனும் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுகிறவர்கள். ஆவணியில் எழில்மொழியின் அம்மா அம்சம் காலமானபின், தஞ்சாவூர்க் கல்லூரியில் பாடம் நடத்தும் மகள் வாரம் தவறாமல் அப்பாவைப் பார்க்க வருகிறாள்.

"வளைக்கிறப்பல்லாம் முனகுது மாமா. ஸ்டீரிங் கல்லாட்டம் இருக்கு. மதகுகிட்ட நேரா வாய்க்காலுக்குள்ளயே போயிருப்பேன்."

மீரா உசேன் பானெட்டைத் திறந்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பவர் ஸ்டீரிங் பம்ப் நாய்க்குட்டி போல ஊளையிட்டது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், விறைப்பாக இருந்தது. ஹோஸைத் தடவினார், ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. ஆயில் குறைந்தால்தான் பம்ப் இப்படிக் கத்தும். இங்கேயோ ஆயில் கழுத்துவரை இருந்தது.

எஞ்சினை அணைத்து ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி விரலை விட்டார். வழவழப்பே இல்லாமல் தண்ணியாக இருந்தது, மேலே நுரை. பம்பின் ரப்பர் சீல் ஊறி உப்பியிருக்கும், பம்ப் காற்றை இழுக்கிறது என்று புரிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயல் வரப்பில் நாலு நாள் நடந்த எவனுக்கும் அந்த நாற்றம் தெரியும். பூச்சிமருந்து.

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எந்த மடையன் இதுல ஊத்துனது?"

"நான்தான் மாமா. போன வாரம் ஆயில் கம்மியா இருந்துச்சு. அப்பா சீட்டுக்கு அடியில ஒரு பாட்டில் வெச்சிருந்தாரு, அதை ஊத்துனேன். ஆயில் இல்லியா அது? கொரோனா வந்ததுலேருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்ல."

கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. இராஜாங்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு மூன்று வருஷமாகிறது. தெளிப்பதற்கு அவருக்கு ஒரு குழி வயல்கூடக் கையில் இல்லை.

"மிச்சத்தை என்னம்மா பண்ணுன?"

"அப்பா கையிலயே குடுத்தேன். பாதி இருக்கு, பத்திரமா வைங்கன்னேன். ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாரு. நான் இதுலயே தஞ்சாவூர் போயிட்டு நேத்துதான் வந்தேன். காலையிலேருந்து அப்பா ஒரே விரட்டு, மாமாகிட்ட காட்டு, சரியாகுற வரைக்கும் கூடவே நில்லு, முடிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடுன்னு."

அந்த மருந்து வயலுக்கு வாங்கியதல்ல என்று மீரா உசேனுக்குப் புரிந்துவிட்டது. தன் பெண் ஓட்டுகிற வண்டி சரியாகட்டும் என்று ஒருத்தன் காத்திருக்கிறான். அதற்குப் பிறகு எதற்கும் காத்திருக்கப் போவதில்லை. ஈரக் கையோடு போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். நாலாவது மணியில் இராஜாங்கம் எடுத்தார்.

"முடிஞ்சிட்டுதா மச்சான்? லேசா திரும்புதா? புள்ளைக்கு இனிமே பயம் ஒண்ணும் இல்லியே?"

புது சீல் செட் எதிர் அலமாரியிலேயே இருந்தது. பம்பைக் கழற்றி, சீலை மாற்றி, நல்ல ஆயில் விட்டு மூன்று தடவை அலசிக் காற்றெடுத்தால் பொழுது சாய்வதற்குள் வண்டி தயார். ஆனால் அதைச் சொன்னால் மச்சானின் காத்திருப்பு முடிந்துவிடும்.

"இல்ல மச்சான். பெரிய வேலை கிடக்கு. நாங்க அங்க வர்றோம். போனை வைக்காதீங்க, புள்ள பேசணுங்குது."

போனைக் கையால் பொத்திக்கொண்டு எழில்மொழியிடம் உடைத்தே சொன்னார். "அது ஆயில் இல்லம்மா, பூச்சிமருந்து. உங்கப்பாவுக்குத் தெரியும். ஏறு, பேசிக்கிட்டே வா."

நாலு கிலோமீட்டர். மீரா உசேனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவர் போனில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். சாப்டீங்களாப்பா, மோட்டார் போட்டீங்களா, மழை வருமாப்பா. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். அல்லாவே, இந்த மனுஷனைக் காப்பாத்து என்று மீரா உசேன் வழி முழுக்க வேண்டிக்கொண்டார்.

இராஜாங்கம் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. போன் இன்னும் காதில் இருந்தது. எதிரே மேசையில் வீட்டுச் சாவி, வண்டியின் ஆர்சி புத்தகம், பக்கத்தில் அந்த பாட்டில். மீரா உசேன் முதலில் பாட்டிலை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். பாதி அப்படியே இருந்தது.

எழில்மொழி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். "தெரிஞ்சும் ஏம்ப்பா சொல்லல? அந்த வண்டியிலதானே நான் தஞ்சாவூர் போயிட்டு வந்தேன்?"

"ரோட்டையே பாத்துக்கிட்டு ஒரு வாரம் தூங்கல" என்றார் இராஜாங்கம். தலை நிமிரவில்லை. "சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். சொன்னா, அது எதுக்கு சீட்டுக்கு அடியில இருந்துச்சுன்னு கேட்டிருப்ப."

அவள் உள்ளே வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் காதிலிருந்த போனை மெதுவாக வாங்கி அணைத்தாள்.

"இப்பக் கேக்குறேன். சொல்லுங்கப்பா."